பால்வாடியிலிருந்து ஆரம்பிக்கலாம்: முதல் குழந்தை வளர்ப்பவர்களுக்கு

என் மூத்தவனை இரண்டரை வயதில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். மூன்றாவது மாதமே வீட்டுப்பாட நோட்டு வந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க நின்ற கோடு, அடுத்த பக்கம் முழுக்கப் படுத்த கோடு. பென்சில் பிடிக்கவே தெரியாத கையை நான் அழுத்திப் பிடித்து எழுத வைப்பேன். அவன் அழுவான். பல நாள் இருவருமே அழுதுவிட்டுத்தான் தூங்கப் போவோம். நான்கு வயதில் நூறு வரை ஒப்பிப்பான். ஆனால் தட்டில் ஐந்து இட்லி எடுத்து வை என்றால் முழிப்பான்.

இளையவள் பிறந்தபோது ஊர் மாறியிருந்தோம். தெருமுனையில் அங்கன்வாடி. எங்கள் பக்கத்தில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். அவளை அங்கே விட்டோம். "ஏன், அவ்வளவு பண முடையா?" என்று கேட்ட உறவினர்களும் உண்டு. மூன்றரை வயதில் அவள் சாப்பிடுகிற நேரத்தில் ஆளுக்கொரு தட்டு எடுத்து வைப்பாள். ஒன்று குறைந்தால், "தாத்தாவுக்கு இல்ல" என்று திரும்ப ஓடுவாள். ஒப்பிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணிக்கை என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்திருந்தது.

இரண்டு குழந்தைகளிடமும் நான் கற்றுக்கொண்டதை, தமிழ்நாட்டில் முதல் குழந்தையை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் பெற்றோருக்காக வரிசையாக எழுதுகிறேன். காசு செலவில்லாமல் கிடைக்கும் உதவிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் காகித வேலை

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கு அரசு தரும் எண்) வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படும். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரின் எழுத்துகள், அப்பா அம்மா பெயர், முன்னெழுத்து எல்லாவற்றையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு "ர" "ற" ஆகிவிட்டதைத் திருத்த நான்கு முறை அலைந்தோம்.

அடுத்து, தாய் சேய் நல அட்டை. தடுப்பூசிக் கணக்கும் எடை வரைபடமும் இருப்பது அதில்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், ஐந்து வருடம் அதில் எழுத வேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி பெரும்பாலும் புதன்கிழமை போடுவார்கள். பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதத்துக்குள், பிறகு 5 வயதுக்கு மேல் என்று வரும். இரண்டு வயதுக்குள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கடைசி ஊசியை மறப்பவர்கள்தான் அதிகம். 9 மாதத்தில் தொடங்கும் வைட்டமின் ஏ திரவத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டும்.

2. அங்கன்வாடியைத் தேடிப் போங்கள்

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அது ஏழைகளுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சேவை கிடைக்க வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. வருமானத்தையோ ரேஷன் கார்டின் வகையையோ பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களும், வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களும் கேட்கலாம். உங்கள் குடியிருப்பில் மையமே இல்லையென்றால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருக்கும் பட்சத்தில் மையம் கேட்கும் உரிமையையும் அந்த உத்தரவு தந்திருக்கிறது.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதுமே முதல்முறை போங்கள். அப்போதிலிருந்து சத்துமாவு வீட்டுக்கே தருவார்கள். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு. பலர் வாங்கி மாட்டுக்கு வைத்துவிடுகிறார்கள், மனசு கேட்பதில்லை. கொஞ்சம் நெய் விட்டு வறுத்து உருண்டை பிடித்தால் பெரியவர்களே எடுத்துச் சாப்பிடுவார்கள். இரண்டு வயது முடிந்ததும் குழந்தையை மையத்தில் சேர்க்கலாம். மதியம் சூடான சாப்பாடு உண்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டையோடு.

சேர்க்கும் முன் ஒரு நாள் காலை பதினொரு மணி வாக்கில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "டீச்சர், பாப்பாவைச் சேர்க்கலாம்னு இருக்கோம், கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போறோம்" என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சுவரில் இருக்கும் படங்களை விடுங்கள், குழந்தைகளைப் பாருங்கள். டீச்சர் தரையில் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறாரா? விளையாட்டுச் சாமான் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறதா, கைக்கு எட்டுகிறதா? கழிவறையில் தண்ணீர் வருகிறதா? குடிநீரை மூடி வைத்திருக்கிறார்களா? அழுகிற குழந்தையை ஆயா தூக்குகிறாரா?

எல்லா மையமும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் ஒரே அறைக்குள் சமையல், சாமான், குழந்தைகள் எல்லாம். டீச்சருக்குப் பதிவேடுகளும் செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்களும் தலைக்கு மேல் இருக்கும். ஆனாலும் நான் கண்ணால் பார்த்தது இது: பெற்றோர் தினமும் வந்து விட்டுப் போகும் மையம் நேரத்துக்குத் திறக்கிறது. எங்கள் தெருவில் மூன்று அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்ட பிறகு இரண்டு மாதமாக ஓடாத குழாய் ஒரே வாரத்தில் சரியானது. பேசியும் சரியாகாத குறை என்றால் வட்டார மேற்பார்வையாளரிடமும், அதற்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

3. மாதம் ஒருமுறை எடை

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையிலுள்ள வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். பச்சைப் பட்டையில் இருந்தால் சரி. மஞ்சள் என்றால் எடை குறைவு, ஆரஞ்சு என்றால் மிகக் குறைவு, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை குண்டாக இருக்கிறதே என்று ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். உங்கள் குழந்தையின் கோடு மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். பொதுவாகப் பிறந்த எடை ஐந்தாம் மாதத்தில் இரண்டு மடங்கும், ஒரு வயதில் மூன்று மடங்கும் ஆகும். பச்சைக்குள்ளேயே இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தால், காரணம் என்னவென்று கேளுங்கள்.

4. சாப்பாடு

இதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு சாதம் என்று ஆரம்பித்து, தாய்ப்பாலை இரண்டு வயது வரை தொடரலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடுகிற கஞ்சியில் சத்து கம்மி, கரண்டியில் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. நாக்கில் தேன் தடவும் பழக்கம் உள்ள வீடுகளில் இதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைக்கும், நான்கு வயது வரை நசுக்கியோ நறுக்கியோதான் கொடுக்க வேண்டும்.

5. பேசுங்கள், தமிழிலேயே பேசுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சேர்க்கும்போது தடுமாறக் கூடாது என்று பல வீடுகளில் குழந்தையிடம் மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். "கம், ஈட், சிட், டாக் பாரு." இருபது முப்பது ஏவல் சொற்களைத் தாண்டி அந்தப் பேச்சு போகாது. அதே அம்மா தன் அக்காவிடம் பேசும்போது எவ்வளவு கதை, எவ்வளவு கோபம், எவ்வளவு கேலி! அந்த வளமெல்லாம் குழந்தைக்குக் கிடைக்காமல் போகிறது. தமிழில் நன்றாகக் கேட்டு, நன்றாகப் பேசும் குழந்தைக்கு ஆங்கிலம் பின்னால் வரும். சொல்ல விஷயமே இல்லாத குழந்தைக்கு எந்த மொழியும் சிரமம்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கையில் இருக்கிற வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "தக்காளி நல்லா பழுத்திருக்கு பாரு, அமுக்கினா அமுங்குது. இது இன்னும் காய், கெட்டியா இருக்கு." இதில் நிறம், பதம், ஒப்பீடு எல்லாம் வந்துவிட்டது. துணி மடிக்கும்போது அப்பா சட்டை, உன் சட்டை, பெரிசு, சின்னது. பஸ்ஸில் போகும்போது முன்னாடி என்ன, பின்னாடி என்ன. குளிப்பாட்டும்போது முழங்கை, முழங்கால், கணுக்கால்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நாம் பெரும்பாலும் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பேச்சு வராத குழந்தைகூடக் கண்ணாலோ கையாலோ பதில் சொல்லும். "ஓ, காக்கா பறந்து போச்சா?" என்று அதை நீங்கள் வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுங்கள். "தோச, தோச" என்றால் "சூடா தோசை வேணுமா?" என்று ஒரு சொல் சேர்த்துச் சொன்னால் போதும். "தோச இல்ல, தோசை, சொல்லு" என்று திருத்தத் தேவையில்லை.

தாத்தா பாட்டி இருக்கும் வீடு என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். மடியில் வைத்து ஆட்டுவது, உள்ளங்கையில் நண்டு ஊர விடுவது, ஒரே கதையைத் தினமும் சொல்வது எல்லாம் குழந்தைக்குப் பெரிய பாடம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாளே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்து காத்திருக்கிற சந்தோஷத்தில்தான் அவள் கதையின் ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறாள். பிறகு ஒரு நாள் பாட்டி வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால், "இல்ல, முதல்ல நரி வரும்!" என்று பிடித்துவிடுவாள்.

6. எழுதுவதற்கு முன் விரல்

அங்கன்வாடியில் எழுதவே சொல்லிக் கொடுப்பதில்லையே என்பதுதான் பெற்றோரின் பெரிய குறை. மாதத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, வரைதல், வெளி விளையாட்டு என்று நடத்துவார்கள். பார்ப்பவர்களுக்கு வெறும் விளையாட்டாகத் தெரியும். ஆனால் பென்சிலை உறுதியாகப் பிடிக்க விரல்களில் பலம் வர வேண்டும். தோளும் மணிக்கட்டும் நிலைப்பட வேண்டும். அது மண் தோண்டுவதிலும் தொங்குவதிலும் உருட்டுவதிலும்தான் வரும்.

வீட்டில் செய்யக் கூடியவை: பட்டாணி உரிக்கக் கொடுப்பது (உரித்ததில் பாதி வாய்க்குள் போகும், பக்கத்திலேயே இருங்கள்), சப்பாத்தி மாவை உருட்ட விடுவது, கோலப்பொடியை விரலால் எடுத்துப் புள்ளி வைப்பது, பழைய துணியை நனைத்துப் பிழிவது, செய்தித்தாளைக் கிழிப்பது, காலி டப்பாக்களுக்கு மூடி பொருத்துவது. பல்லாங்குழி இருந்தால் நான்கு வயதில் ஆரம்பிக்கலாம். சோழியை ஒவ்வொன்றாக இடும்போது கை, கண், எண் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். வாயில் போடும் வயதில் சோழியைக் கண்ணில் காட்டாதீர்கள்.

7. செல்போன்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயது வரை திரையே வேண்டாம், இரண்டு வயது வரையும் தவிர்ப்பது நல்லது, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முழுசாக நிறுத்த முடியாத வீடுகளுக்கு என் யோசனை ஒன்றுதான்: சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் கொடுக்காதீர்கள். முதல் நான்கைந்து நாள் ரகளை இருக்கும், அப்புறம் அடங்கிவிடும்.

8. முதல் இரண்டு வாரம்

சேர்த்த முதல் நாட்களில் அழாத குழந்தை அபூர்வம். முதல் நாள் கூடவே ஒரு மணி நேரம் உட்காருங்கள். இரண்டாம், மூன்றாம் நாள் வாசலில் இருங்கள். பிறகு ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள், மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது நழுவி ஓடிவருவது மட்டும் வேண்டாம். திரும்பிப் பார்த்து நீங்கள் இல்லையென்றால், மறுநாளிலிருந்து உங்கள் முந்தானையை விடவே மாட்டாள். "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னபடி சாப்பாடு முடிகிற நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்குச் சாப்பாடுதான் கடிகாரம். பத்து நாளில் பெரும்பாலான குழந்தைகள் பழகிவிடுவார்கள். பழகிய பின் திடீரென்று போக மாட்டேன் என்று அழுதால் அதை அடம் என்று ஒதுக்காமல், அங்கே என்ன நடந்தது என்று விசாரியுங்கள். குழந்தைக்கு ஏதாவது ஆபத்து என்று தோன்றினால் 1098 என்ற இலவச குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்கும்.

9. தனியார் மழலையர் பள்ளிதான் என்று முடிவு செய்தால்

வேலை நேரம் காரணமாகச் சிலருக்கு வேறு வழியிருக்காது, புரிகிறது. அனுமதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பு தரைத்தளத்தில் இருக்கிறதா, வெளியேற எத்தனை வழி, கூரை எதனால் ஆனது என்று கூச்சப்படாமல் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பிடித்த தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதனால் படிக்கட்டையும் வாசலையும் பார்ப்பது பெற்றோரின் முதல் கடமை என்றே நினைக்கிறேன். "மூன்று வயதில் எழுத வைப்பீர்களா?" என்று கேளுங்கள். பெருமையாக ஆமாம் என்றால் வேறு இடம் பாருங்கள். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்ப்பதையும், நன்கொடை கேட்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் சேர்க்கை தொடங்கும் வகுப்பின் (எல்கேஜி அல்லது முதல் வகுப்பு) இடங்களில் 25 சதவீதம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு உரியது. அறிவிப்பு வரும் நாள் வருடத்துக்கு வருடம் மாறும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டையும் முன்பே தயாராக வைத்திருங்கள்.

10. தாமதம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள்

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்." இதைச் சொல்லாத பாட்டி இல்லை. பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் உண்மையாக இல்லாத நேரத்தில் இழக்கிற மாதங்கள் திரும்ப வராது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. எல்லோரும் ஆறுதல் சொன்னோம், நானும் சொன்னேன். கடைசியில் பார்த்தால் காது கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் யாருக்கும் அந்த ஆறுதலைச் சொல்வதில்லை.

கவனிக்க வேண்டியவை: மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒன்பது மாதமாகியும் உட்காராதது, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒரு பொருளை விரல் நீட்டிக் காட்டாதது, ஒன்றரை வயதில் நடக்காதது, இரண்டு வயதில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாதது. எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோவதும் பழகியது மறந்துபோவதும் உடனே காட்ட வேண்டியவை.

யாரிடம் போவது? அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை பள்ளி சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று கட்டாயம் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் போங்கள். அதுவரை காத்திருக்கத் தேவையும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி தரும் மையங்கள் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, காது கேட்கும் சோதனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். காக்ளியர் இம்பிளாண்ட் (உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சைகூட முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. சின்ன வயதில் செய்தால்தான் பேச்சு நன்றாக வரும். நீங்கள் ஏதோ தப்பு செய்ததால் குழந்தைக்கு இப்படி ஆனது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

11. பள்ளிக்கு

2019 முதல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கப்பட்டன. பக்கத்தில் இருந்தால் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் முதல் வகுப்பில் சேர்க்கலாம். அவசரப்பட்டு நான்கரை வயதில் இடம் தேடாதீர்கள். தானாகச் சாப்பிட, கழிவறைக்குப் போக, தனக்கு வேண்டியதைக் கேட்க, தன் முறை வரும்வரை காத்திருக்கத் தெரிந்த குழந்தை பள்ளிக்குத் தயார். எழுத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

விஜயதசமி அன்று அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் சேர்க்கை நடக்கும். நெல்லையோ அரிசியையோ பரப்பி, விரலைப் பிடித்து "அ" எழுத வைப்பார்கள். சந்தோஷமாகப் போய் வாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அதே விரலால் அவள் மண் தோண்டட்டும்.